இருபதாவது ஆள்

தொழிலாளர் சட்டக் கணக்கு பார்ப்பது என் தொழில். மாதாமாதம் சம்பளப் பட்டியலை வாங்கி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போட்டு செலான் எடுப்பது, ஆய்வாளர் வந்தால் பதிவேடுகளை எடுத்து வைப்பது, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது, வேலையை விட்டுப் போனவருக்குப் பணம் வாங்கித் தருவது ஆகியவை அதில் அடக்கம். மதுரையில் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகள் தொடங்கி மாசி வீதிக் கடைகள் வரை, எங்களை அழைக்கும் சிறு முதலாளிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை பேர் வரைக்கும் இதெல்லாம் இல்லாமல் ஓட்டலாம்?" கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. இருபது பேர் சேர்ந்தால் பி.எஃப்., பத்துப் பேர் சேர்ந்தால் ஈ.எஸ்.ஐ. என்று எழுதி வைத்து, அப்படிக் கேட்கச் சட்டமே அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. இந்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றை இந்தக் கேள்வியின் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நல்ல திட்டங்கள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. அவற்றை உழைப்பவரின் பெயரோடு கட்டாமல், அவர் வேலை செய்யும் இடத்தின் தலைக்கணக்கோடு கட்டியதுதான் அடிப்படைக் கோளாறு. முதல் ஆளிலிருந்தே சட்டம் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை வரலாற்றிலிருந்தும் எங்கள் தொழில் அனுபவத்திலிருந்தும் எடுத்து வைக்கிறேன்.

இந்த வரலாற்றில் மதுரைக்கும் பங்கு உண்டு. 1889இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் உருவான பிறகு, ஊரின் ஒரு பகுதி மில் சங்கு கேட்டு எழுந்து மில் சங்கு கேட்டு வீடு திரும்பியது. 1918இல் சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய காலத்திலேயே, இங்கே வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் ஹார்வி மில் தொழிலாளரைத் திரட்டினார். அன்று தில்லியில் தொழிலாளருக்கென்று தனித்துறை கிடையாது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவாகி இந்தியாவும் அதில் உறுப்பினரான பிறகு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1926இல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தன. 1929இல் விட்லி தலைமையில் ராயல் கமிஷன் அமைந்து 1931இல் அறிக்கை தந்தது. தொழில் துறையோடு ஒட்டிக் கிடந்த தொழிலாளர் துறை 1937இல் தனியானது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அந்தத் துறையை வகித்தவர் டாக்டர் அம்பேத்கர். அரசு, முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்புப் பேச்சு முறை அவர் காலத்தில் நிலைபெற்றது. மத்தியத் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு 1945இல் வந்தது. வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்பது 1946இல் சட்டமானது.

இதே காலத்தில்தான் சமூகப் பாதுகாப்பின் அடித்தளமும் போடப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விபத்துக்கு முதலாளி பொறுப்பு. ஆனால் தான் அவரிடம் வேலை செய்ததையும், வேலையின்போதுதான் அடிபட்டதையும் தொழிலாளிதான் நிரூபித்தாக வேண்டும். பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கை இந்த ஏற்பாட்டையே மாற்ற வழி வகுத்தது. முதலாளியும் தொழிலாளியும் தவறாமல் ஒரு பொது நிதியில் பங்கு செலுத்த வேண்டும். நோய், பேறுகாலம், விபத்து என்று எது வந்தாலும் அந்த நிதி கொடுக்கும். முதலாளியோடு வழக்காட வேண்டிய நிலை போய், நிதியின் பதிவேட்டில் பெயர் இருந்தாலே போதும் என்ற நிலை வந்தது. தொழிலாளர் பாதுகாப்பில் இதைவிடப் பெரிய திருப்பம் நம் நாட்டில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஆனால் அடார்க்கர் தன் திட்டத்தை ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய ஆலைகளோடு நிறுத்திக்கொண்டார். சம்பளப் பட்டியலும் வருகைப் பதிவேடும் ஒழுங்காக இருந்த இடங்கள் அன்று அவைதான். ஒவ்வொரு பெயரையும் கையால் எழுதி, ஒவ்வொரு வாரமும் அட்டையில் ஸ்டாம்பு ஒட்டிப் பங்குத்தொகை செலுத்திய காலத்தில் அது நியாயமான எல்லைதான். தொடங்குவதற்காகப் போட்ட கோடு அது.

சுதந்திர இந்தியாவின் முதல் தொழிலாளர் அமைச்சர் ஜகஜீவன் ராம். அவர் காலத்தில், 1948 ஏப்ரலில், ஈ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது. திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேருவால் தொடங்கப்பட்டு, 1955இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. பி.எஃப். அவசரச் சட்டம் 1951 நவம்பரிலும் முழுச் சட்டம் 1952 மார்ச்சிலும் வந்தன. சிமென்ட், சிகரெட், பொறியியல், இரும்பு-எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறு தொழில்களில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும் அது பொருந்தியது. தொடங்கி மூன்று ஆண்டு ஆகாத ஆலைக்கு விலக்கும் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1937 ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்த வி.வி. கிரி, 1952இல் மத்திய தொழிலாளர் அமைச்சரானார். வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு மாற்றியதை ஏற்காமல் 1954இல் பதவியை விட்டார். ஜவுளி அந்த முதல் பட்டியலிலேயே இருந்ததால் மதுரை மில் தொழிலாளிக்கு இந்தத் திட்டங்கள் எட்டின. மில் வேலை என்றால் இந்த ஊரில் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள் என்ற நிலை வந்ததற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல. பி.எஃப். கணக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் ஒரு குடும்பத்துக்குத் தந்த நிதானமும் அதில் சேர்ந்திருந்தது.

தொடங்குவதற்காகப் போட்ட கோடு அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை, இடம் மட்டும் நகர்ந்தது. பி.எஃப். சட்டத்தின் ஐம்பது, 1960ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இருபதானது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இருபது அப்படியே நிற்கிறது. புதிய நிறுவனங்களுக்கான விலக்கு 1997இல்தான் போயிற்று. ஈ.எஸ்.ஐ.யின் எண்ணிக்கை 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எல்லா ஆலைகளுக்கும் பத்து என்றானது. சம்பள வரம்பு என்ற இன்னொரு கோடும் உண்டு. பி.எஃப்.புக்கு 2001இல் 6,500 ரூபாய், 2014 செப்டம்பரில் 15,000. ஈ.எஸ்.ஐ.க்கு 2017 ஜனவரியில் 21,000. விலைவாசியும் கூலியும் ஆண்டுதோறும் ஏறுகின்றன, வரம்போ பத்தாண்டுக்கு ஒரு முறை ஏறுகிறது. கண்மாய் நிறைந்து கிடந்தாலும் மடையின் உயரத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது என்பது வைகைப் பாசனத்தில் விவசாயம் பார்த்த எவருக்கும் தெரியும். சட்டத்தின் பயன்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவை யாரை எட்டும் என்பதை இந்த எண்ணிக்கைகளே தீர்மானிக்கின்றன.

இருபது என்று ஓர் எண்ணை வைத்தால் நிறுவனங்கள் பத்தொன்பதில் நிற்கும். சிறுதொழில் நடக்கும் ஊர்களில் சம்பளப் பட்டியல் எழுதும் எவருக்கும் இது தெரியும். ஒரே கொட்டகை, ஒரே மின் இணைப்பு, ஒரே வாசல், ஒரே காவலாளி. ஆனால் காகிதத்தில் இரண்டு நிறுவனங்கள் இருக்கும். ஒன்று கணவர் பெயரிலும் மற்றொன்று மனைவி பெயரிலும் பதினைந்து பதினைந்து பேரோடு நடக்கும். சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. எத்தனை பிரிவுகள், கிளைகள் இருந்தாலும் ஒரே நிறுவனம்தான் என்று 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின் 2ஏ பிரிவு சொன்னது. நிர்வாகம் ஒன்றா, பணம் ஒரே இடத்திலிருந்து வருகிறதா, ஆட்கள் இங்கும் அங்கும் மாறுகிறார்களா, ஒன்று இல்லாமல் மற்றொன்று ஓடுமா என்று விசாரித்து இரண்டையும் சேர்க்கலாம். அந்த விசாரணை முடிய ஆண்டுகள் ஆகும். முடிவதற்குள் அந்த முப்பது பேரில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். நிறுவனத்தைப் பிரிக்க முடியாதவர் ஆட்களின் பெயரை மாற்றுகிறார்: காண்ட்ராக்ட் ஆள், பயிற்சியாளர், தினக்கூலி, வவுச்சர் ஆள். மதுரை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இளம்பெண்களைப் பல ஆண்டுகள் பயிற்சியாளர் என்ற பெயரில் வைத்திருந்த வழக்கம் நாடறிந்தது. பயிற்சியாளருக்கு பி.எஃப். கிடையாது என்ற விதிவிலக்கு அந்த வழக்கத்துக்கு வசதியாக இருந்தது. ஆக, இந்த எண்ணிக்கை சிறு நிறுவனத்தைக் காப்பாற்றுகிறது என்று சொல்லப்படுகிறது. நடைமுறையில் அது சிறு நிறுவனம் வளர்வதைத் தடுக்கிறது, பெரிய நிறுவனம் சிறியதாக வேடம் போட உதவுகிறது.

பெயர் ஏறாததன் விலை என்ன என்பதற்கு எவர்சில்வர் பட்டறையில் நடக்கும் ஒரு சாதாரண விபத்தைப் பார்க்கலாம். பிரஸ் மெஷினில் தகட்டை வைத்து எடுக்கும்போது விரல் போகிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கணக்கு வகுத்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரலுக்கு 12. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருந்தால் நடப்பது இது: விபத்து அறிக்கை போகிறது. தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் நடக்கிறது. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கிறது. காயம் ஆறிய பிறகு மருத்துவக் குழு சதவீதத்தை நிர்ணயிக்கிறது, அதன்படி வாழ்நாள் முழுவதும் தொகை வருகிறது. பெயர் இல்லாதவர் தொழிலாளர் துறை ஆணையரிடம் இழப்பீட்டு வழக்குப் போட வேண்டும். அங்கே எதிர்மனுவின் முதல் பத்தி கிட்டத்தட்ட அச்சடித்தது போலவே வரும்: "மனுதாரர் எங்களிடம் எப்போதும் வேலை செய்ததில்லை." அதன் பிறகு வழக்கு முழுவதும் விரலைப் பற்றி இருக்காது, அவர் அங்கே வேலை பார்த்தாரா என்பதைப் பற்றித்தான் இருக்கும். கூட வேலை செய்தவர் சாட்சி சொல்லத் தயங்குவார், அவருக்கும் அங்கேதான் சனிக்கிழமைச் சம்பளம். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு அடார்க்கர் எந்த நிலையை ஒழிக்க அறிக்கை எழுதினாரோ, பத்துப் பேர் இல்லாத பட்டறையில் அதே நிலை இன்றும் நீடிக்கிறது.

முதல் ஆளிலிருந்து சட்டத்தைத் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு நீதிமன்றங்கள் முன்பே பதில் சொல்லியிருக்கின்றன. 1978இல் ராயல் டாக்கீஸ் வழக்கில், சினிமா தியேட்டரின் கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் குத்தகைக்காரர் வைத்திருந்த ஆட்களும் ஈ.எஸ்.ஐ. சட்டப்படி தியேட்டரின் தொழிலாளர்களே என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இலையும் தூளும் கம்பெனி கொடுக்கிறது, சுற்றிய பீடியைத் தரம் பார்த்து ஏற்கவோ தள்ளவோ கம்பெனிக்கு உரிமை இருக்கிறது, ஆகவே கட்டுப்பாடும் இருக்கிறது என்பது வாதம். நெல்லைச் சீமையில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் பி.எஃப். கணக்கு வைத்திருப்பது இதனால்தான். மதுரைச் சுங்குடிக்கு வீட்டில் முடிச்சுப் போடும் பெண்ணின் வேலையும் இதே அமைப்புதான். துணியும் புள்ளிக் கணக்கும் வியாபாரியிடமிருந்து வருகின்றன, முடிச்சுக்குக் கூலி, சரியில்லை என்றால் தள்ளுபடி. சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியின் பெயரைப் பதிவு செய்ய வழி கண்ட அரசுக்கு, முடிச்சுப் போடும் கையின் பெயரைப் பதிவு செய்ய வழி காண்பது முடியாத காரியம் ஆகாது. வீட்டுக்குள் நடக்கும் வேலை, துண்டுக்கூலி, இடைத்தரகர் என்று அடுக்கப்படும் தடைகள் எல்லாம் பீடித் தொழிலில் தாண்டப்பட்டவை.

தமிழ்நாடு இதில் தில்லிக்கு முன்னே நடந்திருக்கிறது. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்தது. மத்திய அரசின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்தது 1996இல்தான். 1999க்குப் பிறகு ஆட்டோ ஓட்டுநர், தையலர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், வீட்டுப் பணியாளர் என்று வாரியங்கள் பெருகின. நலவாரிய அட்டை ஆளின் பெயரில் இருக்கிறது, முதலாளியின் தலைக்கணக்கைப் பார்ப்பதில்லை. சரியான திசை இதுதான். ஆனால் கட்டுமானத்தில் கட்டட மதிப்பில் 1 சதவீதம் நலவரி வருவது போல, பெரும்பாலான மற்ற வாரியங்களில் வேலை வாங்குபவரின் பங்கு என்று ஒன்று கிடையாது. ஆகவே கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மரண உதவி, அறுபது வயதுக்குப் பின் ஒரு சிறு ஓய்வூதியம் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. மகாராஷ்டிராவின் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்னே போனது. சுமை தூக்கும் தொழிலாளியின் கூலியை வியாபாரி வாரியத்தில் கட்ட வேண்டும். கூலிக்கு மேலே ஒரு சதவீதத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதிலிருந்து பி.எஃப்., பணிக்கொடை, போனஸ் எல்லாம் கிடைக்கும். இன்று ஒரு கடைக்கும் நாளை ஒரு கடைக்கும் மூட்டை இறக்கும் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. கீழமாசி வீதி மளிகை மண்டியில் மூட்டை சுமப்பவருக்கு எந்தக் கடையிலும் மஸ்டர் ரோலில் பெயர் இருக்காது. ஆனால் எந்தக் கடை எத்தனை மூட்டை இறக்கியது என்ற கணக்கு எல்லாக் கடையிலும் இருக்கும். அந்தக் கணக்கின் மேல் பங்குத்தொகையை வசூலிக்கலாம்.

தில்லியில் ஆணையங்களுக்குக் குறைவில்லை. 1966இல் கஜேந்திரகட்கர் தலைமையில் முதல் தேசியத் தொழிலாளர் ஆணையம், 1999இல் ரவீந்திர வர்மா தலைமையில் இரண்டாவது, 2004இல் அர்ஜுன் சென்குப்தா தலைமையில் முறைசாராத் துறைக்கான ஆணையம். நூற்றில் 92 பேர் எந்தப் பாதுகாப்பும் இல்லாத முறைசாரா வேலையில் இருக்கிறார்கள் என்று சென்குப்தா ஆணையம் கணக்கிட்டுச் சொன்னது. 1948, 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் நூற்றில் எட்டுப் பேரோடு நின்றுவிட்டன என்பதே இதன் பொருள். 2008இல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வாரியங்களை அமைத்தது, நிதிக்கு உறுதியான ஊற்று எதையும் தரவில்லை. 2020 பொதுமுடக்கத்தின்போது பெயர் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே உள்ள தூரம் நாடு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. பி.எஃப். கணக்கு இருந்தவர் மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் எடுத்தார். தமிழ்நாட்டில் நலவாரிய அட்டை இருந்தவருக்கு அரசின் நிவாரணத் தொகை போய்ச் சேர்ந்தது. பெயர் இல்லாதவர் நடந்தே ஊர் போனார். ஊர் போகும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. தொழிலாளருக்காகவே இருக்கும் ஓர் அமைச்சகத்தின் வரலாற்றில் இதைவிட வேதனையான வரி இருக்க முடியாது. 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு தொடங்கி, முப்பது கோடிக்கு மேற்பட்டோர் பெயர் அதில் சேர்ந்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அதில் தொழிலாளி இருக்கிறார், அவருக்கு வேலை தருபவர் இல்லை. பங்குத்தொகை செலுத்த ஒருவரும் இல்லாத பதிவேடு ஒரு கணக்கெடுப்பாக மட்டுமே நிற்கும்.

இருபத்தொன்பது சட்டங்களைத் திரட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது அரசு. அவற்றில் வரவேற்க வேண்டியவை உண்டு. பி.எஃப்.புக்குத் தொழில் பட்டியல் இனி தேவையில்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. உணவு விநியோகம், வாடகை வண்டி போன்ற செயலிவழித் தொழிலாளருக்காக அந்த நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு தலைக்கணக்கே இல்லாமல் பாதுகாப்புக்கு நிதி திரட்டலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்குச் சமம். ஆனால் பி.எஃப்.புக்கு இருபதும் ஈ.எஸ்.ஐ.க்குப் பத்தும் அப்படியே இருக்கின்றன. ஆபத்தான தொழில் என்று அறிவிக்கப்பட்டால் மட்டும் ஒரே ஆள் இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. வரும். மற்ற எண்ணிக்கைகள் ஏறியிருக்கின்றன. விசைசக்தி உள்ள இடம் தொழிற்சாலை ஆவதற்குப் பத்துப் பேர் என்றிருந்தது இருபதானது, விசையில்லாத இடத்துக்கு இருபது நாற்பதானது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு இருபது ஐம்பதானது. ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற விதி செல்லும் என்று 1992இல் மீனாட்சி மில் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த விதி பொருந்தும் எண்ணிக்கையும் நூறிலிருந்து முந்நூறுக்குப் போய்விட்டது. ஒரு கையால் பாதுகாப்பை விரித்து, மறு கையால் பொருந்தும் இடத்தைச் சுருக்கினால் கணக்கு நேராகாது.

எதிர்வாதங்களில் வலுவானது செலவு. மாதம் 12,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி பி.எஃப். வகையில் நிர்வாகக் கட்டணம் உட்பட 13 சதவீதம், அதாவது 1,560 ரூபாயும், ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாயும் கட்ட வேண்டும். ஆளுக்கு 1,950 என்றால் ஒன்பது பேருக்கு மாதம் 17,550. சிறு பட்டறைக்கு இது பாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டாமல் இருப்பதன் செலவையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பட்டறை வேலைகளுக்கு 1923இல் தொடங்கிய இழப்பீட்டுப் பொறுப்பு ஆள் எண்ணிக்கை பார்க்காமல் வருகிறது. அதே 12,000 சம்பளத்தில் முப்பது வயது ஆள் வேலையில் இறந்தால், பாதிச் சம்பளத்தை 207.98 என்ற காரணியால் பெருக்க, 12,47,880 ரூபாய் முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டும். அந்த ஒன்பது பேருக்கும் ஈ.எஸ்.ஐ. கட்ட ஆண்டுக்கு ஆவது 42,120. சிறு முதலாளியைத்தான் ஒரே விபத்து கடையை மூட வைக்கும், அவருக்குத்தான் ஈ.எஸ்.ஐ. அதிகம் தேவை. ஆகவே ஈ.எஸ்.ஐ. முதல் ஆளிலிருந்தே கட்டாயமாக வேண்டும். பி.எஃப்.பில், இருபதுக்குக் கீழே உள்ள இடங்களில் முதலாளியின் பங்கை முதல் சில ஆண்டுகளுக்கு அரசு ஏற்கலாம். இது புதிய யோசனை அல்ல. 2016இல் தொடங்கிய பிரதமர் ரோஜ்கார் புரோத்சாகன் திட்டத்தில் புதிய ஆட்களுக்கான முதலாளி பங்கையும், 2020இல் ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் திட்டத்தில் ஆயிரம் பேர் வரை உள்ள நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரு தரப்புப் பங்கையும் அரசு ஏற்றது. பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்க முடிந்ததை ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கொடுக்க முடியாது என்று சொல்ல இடமில்லை.

தொழிலாளியே பிடித்தத்தை விரும்புவதில்லை என்பது அடுத்த வாதம். "பிடிக்காமல் கையில் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்கள் நிறைய உண்டு. 12,000 ரூபாய் சம்பளத்தில் 1,530 ரூபாய் பிடித்தம் என்பது அரிசிச் செலவு. இதற்கும் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் மிகக் குறைந்த தினக்கூலி பெறுபவர் தன் பங்கைக் கட்ட வேண்டாம், முதலாளி பங்கு மட்டும் போதும், பயன் முழுதும் உண்டு. இந்த விதியை விரித்தால் போதும். பிடித்தத்தின் மேல் வரும் வெறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் பயன் இன்னதென்று ஒருவரும் சொல்லாததுதான். பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் ஒரே ஒரு மாதப் பங்கு கட்டியிருந்தாலும், பணியில் இருக்கும்போது ஆள் இறந்தால் மனைவிக்கு மாதா மாதம் ஓய்வூதியம் உண்டு. அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். ஈ.எஸ்.ஐ.யில் ஆறு மாதத்தில் 78 நாள் பங்கு இருந்தால் நோயில் படுத்த நாட்களுக்கு 70 சதவீதக் கூலி உண்டு. இதைத் தெரிந்துகொண்டு "வேண்டாம்" என்று சொல்பவர் அரிது.

ஆய்வாளர் தொல்லை, காகித வேலை என்ற வாதம் 1952இல் சரி. இன்று ஒரே கோப்பில் எல்லாருடைய பங்கையும் ஏற்றி வங்கி மூலம் கட்டிவிடலாம், ஐந்து பேருக்கு அது சில நிமிட வேலை. அடார்க்கர் போட்ட கோட்டுக்கு இருந்த ஒரே நியாயமும் இதோடு போய்விட்டது. இன்று தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர், இனிஷியல் முன்னே ஓரிடம், பின்னே ஓரிடம், பிறந்த தேதிக்கு வருடம் மட்டும். நம் பக்கத்துப் பெயர் வைக்கும் வழக்கம் கணினிப் படிவத்துக்குள் அடங்குவதில்லை. அதனால் சொந்தப் பணத்தை எடுக்க அலைபவர்கள் ஏராளம். திருத்த வேண்டியது அந்தப் படிவத்தைத்தான். வரிப்பணத்தில் எல்லாருக்கும் முதியோர் ஓய்வூதியம் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. 1962இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டின் பெருமை, அது வளரத்தான் வேண்டும். ஆனால் விரல் போனதற்கும் பேறுகாலத்துக்கும் வேலை இழப்புக்கும் அது ஈடு ஆகாது. உழைப்பால் பயன் பெற்றவர் அந்த உழைப்பின் ஆபத்தில் பங்கு ஏற்க வேண்டும் என்ற நியாயத்தை வரிப்பணத்தின் தலையில் முழுவதும் இறக்கிவிடக் கூடாது.

அமைச்சகத்திடம் கேட்பது மூன்றே. இருபது, பத்து என்ற எண்ணிக்கைகளை எடுத்துவிட்டு முதல் ஆளிலிருந்து பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். ஒருவர் வேலை செய்தார் என்ற தகராறு வந்தால், செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியிடம் வைக்க வேண்டும். மண்டி, சுங்குடி, அப்பளம் போன்ற தொழில்களில் ஆளைத் தேடாமல் சரக்கின் கணக்கில் பங்குத்தொகையை வசூலிக்க வேண்டும். அதுவரை இதைப் படிக்கும் முதலாளிகளுக்கு ஒரு சொல்: சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் விருப்பத்தின் பேரில் பி.எஃப்.பில் சேர வழி இருக்கிறது. ஆள் சேர்ந்த அன்றே பெயரை எழுதுங்கள், விபத்துக்குப் பிறகு எழுதும் பெயர் யாரையும் காப்பாற்றாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள், வாரிசு நியமனத்தை இந்த மாதமே போடுங்கள்.